அறைக்குள்ளே ஒரு பேஸ்பால் லீக்

நண்பர்களே, முதலில் ஒரு உண்மையை ஒத்துக்கிட்டு ஆரம்பிக்கிறேன். மூன்றாம் செமஸ்டரில் ஸ்ட்ரெந்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் புத்தகத்தை நான் படித்ததை விடப் புரட்டியதுதான் ஜாஸ்தி. கடைசி பெஞ்சு, மத்தியானம் முதல் பீரியடு, சாப்பிட்ட மயக்கம். பக்கத்தில் இருக்கிறவன் இந்தியா, நான் ஆஸ்திரேலியா. டாஸில் தோற்றவன் ஆஸ்திரேலியா என்பது எங்கள் பெஞ்சு சட்டம். புத்தகத்தைப் பட்டென்று திறந்தால் இடது பக்கம் 144 வந்தால் நாலு ரன், 216 வந்தால் சிக்ஸர், 180 வந்தால் ஆள் காலி. ஸ்கோர் முழுக்க ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில். யார் எத்தனை அடித்தான், யார் எத்தனை விக்கெட் எடுத்தான், சராசரி என்ன, எல்லாம் உண்டு.

ஒரு நாள் அந்த நோட்டு லெக்சரர் கையில் சிக்கியது. அவர் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நின்ற இடத்திலேயே நாலைந்து பக்கம் புரட்டிப் பார்த்தார். இதில் பாதி அக்கறையைப் பாடத்தில் காட்டியிருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேனாம். நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அது இன்றைக்கு வரை திரும்பி வரவில்லை.

அந்த வயிற்றெரிச்சலில் இருந்தபோதுதான் ஜாக் கெரூவாக் என்ற அமெரிக்க எழுத்தாளரைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. ஆன் தி ரோடு என்ற நாவலை எழுதி 1957ல் ஒரே ராத்திரியில் பெயர் வாங்கியவர். முதுகில் மூட்டை, பாக்கெட்டில் பத்து காசு, கண்டவன் காரில் ஏறி ஊர் ஊராகச் சுற்றுவது என்று ஒரு தலைமுறையே கிளம்பியதற்கு அவர் புத்தகமும் ஒரு காரணம் என்பார்கள். அவர் செத்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அந்த மனுஷன் சின்ன வயசில் என்ன பண்ணினார் தெரியுமா? நம்ம புக் கிரிக்கெட்டைப் போலத்தான், ஆனால் அதை விட நூறு மடங்கு பெரிதாக, அறைக்குள்ளே உட்கார்ந்து ஒரு முழு பேஸ்பால் லீக்கையே நடத்தினார். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். நாவல்களைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும்.

பிறந்தது 1922 மார்ச் 12. ஊர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லோவெல். மெரிமாக் ஆற்றங்கரையில் பஞ்சாலைகளால் வளர்ந்த ஊர். கெரூவாக் பிறந்த காலத்தில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்திருந்தன. அப்பா லியோ அச்சுக்கூடம் வைத்திருந்தார். அம்மா கேப்ரியல். இரண்டு பேருமே கனடாவின் பிரெஞ்சுக்காரர்கள். வீட்டில் பிரெஞ்சுதான். பையனுக்கு ஆறு வயசு வரை இங்கிலீஷ் வராது. வீட்டில் வைத்த பெயர் ஜான் லூயி. ஆங்கிலத்தில் பெயர் எடுத்த எழுத்தாளர் ஒருத்தர் இங்கிலீஷ் தெரியாமல் பள்ளிக்கூடம் போனவர் என்பது, இங்கிலீஷ் மீடியத்தைப் பார்த்து மிரண்டு போய் டிப்ளமோ சேர்ந்த நம்மில் சில பேருக்கு ஒரு ஆறுதல்.

வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்தவன் ஜெரார், அடுத்தது அக்கா கரோலின், கடைசி இவன். ஜெராருக்கு ருமாட்டிக் காய்ச்சல். இதயத்தைத் தின்கிற வியாதி. பென்சிலின் வராத காலம். 1926ல் ஒன்பது வயசில் போய்விட்டான். அப்போது நம்ம ஆளுக்கு நாலு வயசு. ஜெரார் சாதாரணப் பையன் இல்லை, ஒரு சின்ன மகான் என்றே அம்மாவும் சுற்றியிருந்தவர்களும் பேசிப் பேசி வைத்தார்கள். செத்துப்போன அண்ணனோடு போட்டி போட்டு எந்தத் தம்பியாலும் ஜெயிக்க முடியாது. கெரூவாக் தன் வாழ்நாள் முழுக்க அந்த அண்ணனை மறக்கவில்லை. 1963ல் அவனைப் பற்றியே ஒரு தனிப் புத்தகம் எழுதினார்.

அண்ணன் போன வீட்டில் ஒரு பையன் தனியாக விளையாட ஆரம்பித்தான். இதற்கு மேல் நான் மனோதத்துவம் பேசப் போவதில்லை. எனக்கு அது தெரியாது. ஆனால் தம்பியையோ அண்ணனையோ பறிகொடுத்த வீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த வீட்டில் சத்தம் போட்டு விளையாட யாருக்கும் வாய் வராது. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, சத்தமில்லாமல் விளையாடுகிற மாதிரி ஒரு விளையாட்டுதான் தோதுப்படும்.

முதலில் குதிரைப் பந்தயம். அப்பாவுக்குக் குதிரை மேல் பணம் கட்டுகிற பழக்கம் உண்டு. அதைப் பார்த்து வளர்ந்த பையன், கோலிக்குண்டுகளைக் குதிரைகளாக்கினான். ஒவ்வொரு கோலிக்கும் ஒரு பெயர். சாய்த்து வைத்த பலகையிலிருந்து எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் விட வேண்டியது. தரையில் உருண்டு எது முந்துகிறதோ அது ஜெயித்த குதிரை. சும்மா ஜெயித்தது தோற்றது என்று விடவில்லை. குதிரைக்கு முதலாளி, ஜாக்கி, இன்றைக்குத் தரை ஈரமா காய்ந்ததா என்கிற நிலவரம், எந்தக் குதிரை மேல் கட்டினால் லாபம் என்று டிப்ஸ் கொடுக்கிற தாள் வரைக்கும் படம் போட்டுத் தயாரித்தான். அவனே ஸ்டூவர்டு, அவனே புக்கி, அவனே பத்திரிகைக்காரன்.

இந்தக் கோலிகளுக்கு நடுவே ஒரு ராஜா இருந்தது. அதன் பெயர் ரிபல்ஷன். அது கோலியே இல்லை, நண்பர்களே, அது ஒரு பால் பேரிங் குண்டு! பிற்காலத்தில் டாக்டர் சாக்ஸ் என்ற நாவலில் (1959ல் வெளிவந்தது) இந்தப் பந்தயங்களையும் ரிபல்ஷனையும் கெரூவாக் பாசத்தோடு எழுதி வைத்திருக்கிறார். கண்ணாடிக் கோலிகளை எல்லாம் அந்த எஃகுக் குண்டு துவம்சம் பண்ணிக்கொண்டு போனதாம்.

இயந்திரவியல்காரனாக இங்கே ஒரு நிமிஷம் நிற்காமல் என்னால் போக முடியவில்லை. முதல் வருட மெக்கானிக்ஸை ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். சாய்தளத்தில் வழுக்காமல் உருளுகிற திண்மக் கோளத்தின் முடுக்கம், ஜி சைன் தீட்டாவில் ஏழில் ஐந்து பங்கு. அதில் எடையும் கிடையாது, விட்டமும் கிடையாது. கண்ணாடியோ எஃகோ, சரிவில் எல்லாமே ஒரே மாதிரிதான் வந்தாக வேண்டும். அப்புறம் எப்படி ரிபல்ஷன் மட்டும் ஜெயிக்கும்? பதில் சரிவில் இல்லை, தரையில் இருக்கிறது. கோலி என்றைக்குமே சரியான உருண்டை கிடையாது, ஆடி ஆடிச் சில்லு வேறு போயிருக்கும். பேரிங் குண்டு அரைத்துப் பளபளவென்று பண்ணியது. அதோடு ஒன்றோடொன்று மோதும்போது கனமானது நேராகப் போகும், லேசானது விலகி ஓடும். எஃகின் அடர்த்தி கண்ணாடியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆக, ரிபல்ஷன் ஜெயித்தது ராசியால் இல்லை, மொமென்டத்தால். ஆனால் அந்தப் பையன் அதைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு குதிரையின் குணத்தையும் புகழையும் கொடுத்தான் பாருங்கள், அதை எந்த ஃபார்முலாவும் கொடுக்காது.

இனி பேஸ்பால். நம்ம ஊரில் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர். பந்து போடுகிறவன் பிட்சர். மூன்று தடவை அடிக்கத் தவறினால் அவுட். அடித்துவிட்டால் நாலு மூலை கொண்ட கட்டத்தைச் சுற்றி ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தால் ஒரு ரன். மூன்று பேர் அவுட் ஆனால் பக்கம் மாறும். இப்படி ஒன்பது சுற்று. கிரிக்கெட்டை விட ஒரு விதத்தில் இது கணக்குப்பிள்ளைகளின் ஆட்டம். ஒவ்வொரு பந்தும் தனித்தனிச் சம்பவம், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம், மறுநாள் பேப்பரில் எல்லா ஆட்டமும் எண்களாகச் சின்னப் பெட்டிக்குள் வந்துவிடும். பத்து தடவையில் மூன்று தடவை ஒழுங்காக அடிக்கிறவன் அங்கே நல்ல ஆட்டக்காரன். ஆட்டத்தைப் பார்க்காமலே அந்தப் பெட்டியை வைத்து முழு ஆட்டத்தையும் மனசில் ஓட்டிப் பார்க்கலாம். 1930களில் அமெரிக்கப் பையன்கள் அப்படித்தான் வளர்ந்தார்கள், ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டும் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டும்.

கெரூவாக் ஆரம்பித்தபோது கையில் இருந்தது கோலி, பல்குச்சி, வெள்ளை ரப்பர். அடித்த அடி எங்கே போய் விழுகிறது என்பதை வைத்து ரன்னா அவுட்டா என்று முடிவு. போகப் போக அது வளர்ந்தது. கைத்திறமையை ஒதுக்கிவிட்டு, சீட்டு வந்தது. 1946 வாக்கில், இருபத்து நாலு வயசில், சீட்டைக் கலைத்துப் போட்டால் அந்தப் பந்துக்கு என்ன ஆச்சு என்று சொல்கிற ஒரு முறையை அவர் செய்து முடித்திருந்தார். இதில் முக்கியமான விஷயம் என்னவென்றால், ஒரே சீட்டுக்கு எல்லோருக்கும் ஒரே பலன் கிடையாது. பந்து போடுகிறவன் எவ்வளவு கெட்டிக்காரன், அடிக்கிறவன் எவ்வளவு கெட்டிக்காரன் என்பதைப் பொறுத்துப் பலன் மாறும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய வேண்டுமானால் நம்ம புக் கிரிக்கெட்டையே எடுங்கள். இடது பக்கத்தில் வருவது எப்பவும் இரட்டைப்படை. கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 ஐந்தில் ஒன்று. பூஜ்யம் வந்தால் அவுட். அதாவது ஐந்தில் ஒரு முறை விக்கெட். மீதி நாலுக்கும் சராசரி ஐந்து ரன். (எட்டை எட்டாகவே எண்ணுகிற பெஞ்சு எங்களுடையது. சில பெஞ்சுகளில் எட்டு செல்லாது.) ஒரு பேட்ஸ்மேன் அவுட் ஆவதற்கு முன் சராசரியாக நாலு தடவை அடிப்பான். நாலைந்து இருபது. ஆக எங்கள் ஆட்டத்தில் ஒரு விக்கெட்டுக்கு 20 ரன். இதில் என்ன கோளாறு? சச்சினுக்கும் 20தான், பதினோராவது ஆளாக மட்டையைத் தலைகீழாகப் பிடித்து வருகிறவனுக்கும் 20தான்! பெயர் மட்டும்தான் சச்சின். புத்தகத்துக்கு ஆள் தெரியாது. கெரூவாக்கின் சீட்டுக்கு ஆள் தெரியும். அதிர்ஷ்டமும் வேண்டும், திறமையும் செல்ல வேண்டும். இரண்டையும் ஒரே ஆட்டத்தில் எப்படிக் கலப்பது என்பதுதான் இந்த மாதிரி ஆட்டம் பண்ணுகிற எல்லோருக்கும் இருக்கிற தலைவலி. அதை வெளியில் யாரிடமும் கேட்காமல் ஒருத்தர் தன் அறைக்குள் இருந்தே தீர்த்திருக்கிறார்.

தனக்கு இதே தலைவலி வந்து அதைத் தீர்த்துக் காசாக்கியவர்களும் உண்டு. ஜே. ரிச்சர்ட் சைட்ஸ் என்பவர் பென்சில்வேனியாவில் லான்காஸ்டர் ஊர்க்காரர். சின்ன வயசில் கூட்டாளிகளோடு பகடையும் அட்டையும் வைத்து ஆடிய லீக்கின் பெயரையே சுருக்கி, ஏ.பி.பி.ஏ. என்று 1951ல் ஒரு விளையாட்டை விற்க ஆரம்பித்தார். இரண்டு பகடையை வேறு வேறு எண்களாகப் படித்தால் 36 விதமான பலன். ஒவ்வொரு நிஜ ஆட்டக்காரனுக்கும் ஒரு அட்டை, 36 வரி. நியூயார்க் பக்கத்தில் ஹால் ரிச்மன் என்ற பையன் பதினோரு வயசில் பகடையை உருட்டி உருட்டிக் கணக்குப் பார்த்து ஆரம்பித்தது, 1960களின் தொடக்கத்தில் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்ற பெயரில் கடைக்கு வந்து லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போனது. கெரூவாக் மட்டும் விற்க நினைக்கவில்லை. காட்டவே நினைக்கவில்லை.

அவருடைய லீக்கில் நிஜ அணிகள் கிடையாது. எல்லாம் சொந்தச் சரக்கு. சில அணிகளுக்குக் கார் பெயர்: பிட்ஸ்பர்க் பிளிமத்ஸ், நியூயார்க் செவ்விஸ். சில அணிகளுக்கு நிறத்தின் பெயர்: பாஸ்டன் கிரேஸ், சின்சினாட்டி பிளாக்ஸ். ஆட்டக்காரர்களின் பெயர்களைக் கேளுங்கள்: வைனோ லவ், வார்பி பெப்பர், ஹைனி ட்வியட், ஃபீகஸ் கோடி, ஸாக் பார்க்கர். ஒருத்தனும் உலகத்தில் பிறக்கவில்லை. ஆனால் ஒவ்வொருத்தனுக்கும் சராசரி உண்டு, சரித்திரம் உண்டு. சம்பளம் பத்தவில்லை என்று முதலாளியோடு தகராறு பண்ணியவன் உண்டு. அணிகளின் வரவு செலவு நிலவரம்கூட எழுதி வைத்திருக்கிறார்.

இதையெல்லாம் எங்கே எழுதினார்? தானே நடத்திய பத்திரிகையில்! சிலது கையெழுத்து, சிலது டைப். தையல் போட்ட பழைய நோட்டுகளில் ஒட்டி வைத்தார். ஆசிரியர் பெயர் ஜாக் லூயிஸ். அதாவது ஜான் லூயி இங்கிலீஷ் சட்டை போட்டுக்கொண்டால் ஜாக் லூயிஸ். அந்தக் கால விளையாட்டு நிருபர்கள் எப்படி அடைமொழி மேல் அடைமொழி போட்டு இழுத்து இழுத்து எழுதுவார்களோ, அச்சு அசல் அதே நடையில் எழுதியிருக்கிறது அந்தப் பையன் கை. டைப் அடிக்கப் பழகியது அப்பாவின் அச்சுக்கூடத்தில். ஆறு வயசு வரை இங்கிலீஷ் தெரியாத பிள்ளை, பத்து வருஷத்துக்குள் தான் மட்டுமே வாசகனாக இருக்கிற இங்கிலீஷ் பேப்பரை வேகமாக அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தான். மார்க் போட ஆளில்லை, பிழை பார்க்க ஆளில்லை. ஆனால் நாளைக்கு மேட்ச் இருக்கிறது, இன்றைக்கு ரிப்போர்ட் வந்தாக வேண்டும். எழுதுகிறவனுக்கு இதை விடப் பெரிய பயிற்சி என்ன இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

இடையில் வீடு தள்ளாடியது. 1936 மார்ச்சில் மெரிமாக் ஆறு பெருகி லோவெலுக்குள் புகுந்தது. அப்பாவின் அச்சுக்கூடம் நாசம். அதிலிருந்து லியோ எழுந்திருக்கவே இல்லை. தொழில் கைவிட்டுப் போய் அடுத்தவனிடம் வேலைக்குப் போனார். அம்மா ஷூ ஃபேக்டரிக்குப் போனார். பையனுக்கு 14 வயசு. அறைக்குள் லீக் மும்முரமாக நடந்ததும் இந்தப் பதின்ம வயசில்தான். வெளியே எல்லாம் சரிந்துகொண்டிருக்கும்போது உள்ளே ஒரு உலகம் அட்டவணைப்படி நடக்கிறது. எந்த நாளில் யாரோடு யார், யார் முதலிடம், யார் கடைசி, எல்லாம் தெளிவு.

ஏதோ நோஞ்சான் பையன், வெளியில் போய் ஆட முடியாமல் அறைக்குள் முடங்கினான் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கேதான் தப்பு. பையன் நல்ல கட்டுமஸ்து. ஓட்டத்தில் கெட்டி. அமெரிக்கக் கால்பந்தில், அதாவது பந்தைக் கையில் கட்டிப்பிடித்துக்கொண்டு முட்டி மோதி ஓடுகிறார்களே அந்த ஆட்டத்தில், பள்ளி அணியில் இருந்தான். 1938 நவம்பரில் தாங்க்ஸ்கிவிங் நாள் ஆட்டம், பக்கத்து ஊர் லாரன்ஸோடு. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனைப் பாதியில் இறக்கினார்கள். பறந்து வந்த பந்தைப் பிடித்துக் கோட்டைத் தாண்டினான். லோவெல் 8, லாரன்ஸ் 0. அந்த ஒரு ஓட்டத்தால் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஸ்காலர்ஷிப் வந்தது. அறைக்குள் எத்தனையோ தடவை வார்பி பெப்பருக்கு நடத்திவைத்ததைத் தனக்கே நடத்திக் காட்டிவிட்டான்.

ஆனால் நிஜ ஆட்டத்தில் சீட்டைக் கலைப்பது நாம் இல்லையே. 1940ல் கொலம்பியாவில் முதல் வருட அணிக்காக ஆடும்போது கால் எலும்பு முறிந்தது. வெறும் சுளுக்கு என்று நினைத்துப் பயிற்சியாளர் சில நாள் ஓடவே வைத்தார். பிறகுதான் எக்ஸ்ரே, கட்டு. கட்டுப் போட்ட காலோடு உட்கார்ந்து நாவல் நாவலாகப் படித்தார். அடுத்த வருஷம் அணியை விட்டுவிட்டார், படிப்பையும் விட்டுவிட்டார். ஊருக்குத் திரும்பி 1942ல் லோவெல் சன் பத்திரிகையில் கொஞ்ச நாள் வேலை பார்த்தார். என்ன வேலை தெரியுமா? விளையாட்டு நிருபர்! ஜாக் லூயிஸுக்கு முதல் முதலாகச் சம்பளம் கிடைத்தது.

அப்புறம் யுத்தம், சரக்குக் கப்பல் வேலை, கடற்படையிலிருந்து மனநிலை சரியில்லை என்று அனுப்பப்பட்டது, 1946ல் அப்பா புற்றுநோயில் இறந்தது, 1950ல் முதல் நாவல், இதையெல்லாம் வேகமாகத் தாண்டிவிடுகிறேன். 1951 ஏப்ரலில் தாள்களை நீளமாக ஒட்டி, சுமார் 120 அடி நீளச் சுருளாக்கி, டைப்ரைட்டரில் செருகி, மூன்றே வாரத்தில் ஆன் தி ரோடு நாவலை அடித்து முடித்தார் என்பது உலகப் பிரசித்தம். அந்த வேகத்தைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். எனக்கு என்னவோ ஆச்சரியமாக இல்லை. தினசரிப் பத்திரிகையைத் தனியாளாக நடத்திய விரல்கள் அவை.

இதில் என்னை உலுக்கிய விஷயம் வேறு. இந்தப் பேஸ்பால் ஆட்டத்தை அவர் பெரியவனானதும் விட்டுவிடவில்லை. ஊர் ஊராகச் சுற்றிய காலத்திலும் அந்தச் சீட்டும் நோட்டும் போகவில்லை. முப்பது வயசிலும் ஆடினார், நாற்பது வயசிலும் ஆடினார். அப்படி ஒன்று இருப்பது ஆலன் கின்ஸ்பெர்க், வில்லியம் பரோஸ் போன்ற உயிர் நண்பர்களுக்கே தெரியாது. குடித்ததைச் சொல்லிக்கொண்டார்கள், திருடியதைச் சொல்லிக்கொண்டார்கள், மனசில் உள்ள அழுக்கை எல்லாம் கொட்டி எழுதுவதுதான் அவர்கள் கோஷ்டியின் கொள்கையே. ஆனால் சீட்டை வைத்துப் பேஸ்பால் ஆடுவதை மட்டும் சொல்ல வெட்கம்! 1958ல் எஸ்கொயர் பத்திரிகையில் ஒரு பேஸ்பால் சிறுகதை எழுதினார். அதில் வந்த அணிகள் அந்த அறைக்குள் இருந்த அணிகள்தான். படித்தவர்களுக்கு அது கற்பனைக் கதை. அவருக்கு அது பழைய மேட்ச்.

என் கணிப்பு இது: அந்தப் புகழ் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆன் தி ரோடு வந்த பிறகு எங்கே போனாலும் கூட்டம், டி.வி., வம்பு. அவரைப் பார்க்க வந்தவர்கள் நாவலில் வருகிற இருபத்தைந்து வயசு ஊர்சுற்றியைத் தேடி வந்தார்கள். கதவைத் திறந்தது முப்பத்தைந்து வயசுக் கூச்ச சுபாவி. குடி அதிகமானது. கடைசி வரை அம்மாவோடுதான் இருந்தார். வீட்டை மாற்றி மாற்றிக் கடைசியில் ஃபுளோரிடாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். அங்கே 1969 அக்டோபர் 21ல், குடியால் ஈரல் கெட்டு, உள்ளே ரத்தம் கசிந்து இறந்தார். வயசு 47. லோவெலுக்குக் கொண்டுபோய் எட்சன் கல்லறையில் அடக்கம் பண்ணினார்கள்.

இவ்வளவு குடித்த மனுஷனுக்கு எந்த வேலையும் ஒழுங்காக இருந்திருக்காது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் பேப்பர் விஷயத்தில் அவர் ஒரு குமாஸ்தா. எதையும் தூக்கிப் போடவில்லை. கடிதம், நாட்குறிப்பு, கையெழுத்துப் பிரதி என்று அடுக்கி வைத்திருந்தார். அந்த அடுக்குக்குள் கோலிப் பந்தயத் தாள்களும் லீக் அட்டவணைகளும் சீட்டுகளும் பத்திரமாக இருந்தன. 2001ல் அவருடைய ஆவணங்கள் நியூயார்க் பொது நூலகத்தின் பெர்க் தொகுப்புக்கு வந்தன. அங்கே பொறுப்பில் இருந்த ஐசக் கெவிர்ட்ஸ் என்பவர் இவற்றைப் பொறுமையாகப் படித்து, 2009ல் கெரூவாக்கின் விளையாட்டு உலகத்தைப் பற்றி மட்டுமே ஒரு தனிப் புத்தகம் கொண்டுவந்தார். அப்போதுதான் வெளியுலகத்துக்கு விவரமாகத் தெரிந்தது, ஆட்டம் ஆரம்பித்துச் சுமார் எழுபது வருஷம் கழித்து. அதே 2001ல் அந்த 120 அடிச் சுருள் ஏலத்துக்கு வந்தபோது 24 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து எடுத்தவர் யார் தெரியுமா? ஜிம் எர்சே. அப்போது ஒரு நிஜக் கால்பந்து அணியின் முதலாளியாக இருந்தவர்.

ஜெயிலில் போடுகிற மாதிரி நம்மைப் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள், அதனால்தான் ஆடுகிறோம் என்று நான் இதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். எந்தப் பெஞ்சும் கட்டிப் போடாத ஒருத்தர், அமெரிக்கா முழுக்கக் காலால் அளந்த ஒருத்தர், சாயங்காலம் ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு சீட்டைக் கலைத்திருக்கிறார். ஸாக் பார்க்கர் இன்றைக்கு என்ன பண்ணுவான் என்று அவருக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேறு வழியும் கிடையாது.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்த அன்றைக்கு ஸ்டாஃப் ரூம் வாசல் வரைக்கும் போனேன். அந்த நோட்டைக் கேட்டு வாங்கிவிடலாம் என்றுதான். லெக்சரர் உள்ளே பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். தைரியம் வரவில்லை, திரும்பிவிட்டேன். நோட்டு பிடிபட்ட நேரத்தில் ஆஸ்திரேலியாவுக்கு இன்னும் 31 ரன் வேண்டும், கையில் மூன்று விக்கெட். விக்கெட்டுக்கு 20 என்று போட்டுப் பாருங்கள். நான் ஜெயிக்க வேண்டிய மேட்ச்.

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை